கிங் ஜேம்ஸ் பைபிளில் வரும் ¶ குறி: பில்க்ரோ பற்றி ஒரு சந்தேகம்

பாறசாலை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாறசாலை. பக்கத்திலுள்ள களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவள். இப்போது பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன்.

பாட்டா வைத்திருந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் என் மேசையில் இருக்கிறது. அதில் சில வசனங்களில் எண்ணுக்கு அடுத்து ¶ என்று ஒரு குறி வரும். "டீச்சர், இந்த பி ஏன் திரும்பி நிற்குது?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அகராதியில் பார்த்தால் அதற்குப் பெயர் பில்க்ரோ, புதுப் பத்தி தொடங்குவதைக் காட்டுவது என்று இருக்கிறது. அதுவரை சரி.

ஆனால் அப்போஸ்தலர் 20:36க்குப் பிறகு ஒரு குறிகூட இல்லை. பவுல் எபேசு சபை மூப்பரோடு முழங்காற்படியிட்டு ஜெபம்பண்ணுகிற இடம் அது. அதற்கப்புறம் வெளிப்படுத்தின விசேஷம் முடியும்வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். என் பிரதியில்தான் கோளாறா? பில்க்ரோ என்ற பெயர் எப்படி வந்தது என்பதும் தெரிய வேண்டும். வெறும் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதையைச் சொன்னால்தான் அது அவர்களிடம் தங்கும்.

நாகர்கோவில் கம்பாசிட்டர்:
மக்களே, உங்கள் பிரதியில் ஒரு கோளாறும் இல்லை. 1611இல் வந்த முதல் பதிப்பிலேயே குறி அந்த வசனத்தோடு நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களும் அதை அப்படியே விட்டார்கள்.

அச்சகத்தில் அந்த எழுத்து தீர்ந்துபோயிருக்கும் என்று சிலர் காரணம் சொல்வார்கள். ஈய எழுத்தைக் கையால் கோத்துப் பிழைத்த நான் அதை ஏற்க மாட்டேன். ஒரு பாரம், அதாவது ஒரே தடவையில் அச்சடிக்கிற பக்கங்களின் தொகுதி, அடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, திரும்பவும் எழுத்துப் பெட்டியான கேஸில் போட்டுவிடுவோம். அடுத்த பாரத்துக்கும் அதே எழுத்துதான். ஒரு பக்கத்துக்குப் பற்றாமல் போகலாம், கடைசிவரை பற்றாமல் போகாது. அச்சுக்கு வந்த பிரதியிலேயே அதற்குமேல் குறி போடாமல் விட்டிருப்பார்கள் என்பதுதான் என் எண்ணம்.

திருவனந்தபுரம் ஆய்வு மாணவர்:
டீச்சர், பெயரைப் பற்றி நான் சொல்கிறேன். கிரேக்கத்தில் 'பாரகிராபோஸ்' என்றால் எழுத்துக்குப் பக்கத்தில், ஓரமாகப் போடும் கோடு. அது லத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய், ஆங்கிலேயர் வாயில் உருமாறி 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பில்க்ரோ ஆகிவிட்டது. நாம் தினமும் சொல்கிற 'பாரா'வும் அதே வேரில் வந்ததுதான்.

உருவத்தின் கதை வேறு. லத்தீனில் அதிகாரத்தைக் குறிக்கும் 'கபிதுலும்' என்ற சொல்லின் முதல் எழுத்தான சி. அதற்குக் குறுக்கே நெட்டுக்கோடு போட்டு, வயிற்றை மையால் நிரப்பி, நாளடைவில் ¶ ஆக்கிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். ஐரோப்பாவில் கையால் நூல்களைப் படியெடுத்த காலத்தில், எழுதுபவர் பத்தித் தொடக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் போவார். பிறகு சிவப்பு மைக்காரர் வந்து அந்த இடத்தில் குறியைப் போடுவார். அச்சு வந்த பிறகும் அப்படியே இடம் விட்டார்கள். புத்தகங்கள் குவியக் குவியச் சிவப்பு மைக்காரரால் ஈடுகொடுக்க முடியவில்லை, இடம் காலியாகவே நின்றது. இன்றைக்குப் பத்தியின் முதல் வரியை நாம் உள்ளே தள்ளித் தொடங்குவது அந்தக் காலி இடத்திலிருந்து வந்த வழக்கம் என்றுதான் அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் ஓலைச்சுவடிகளில் இந்த ஏற்பாடே கிடையாது. வரி முழுக்க இடைவெளியில்லாமல் எழுத்து ஓடும். படிப்பவர்தான் யாப்பை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மார்த்தாண்டம் டிடிபி:
வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8ஐ அழுத்துங்க அக்கா. என்டர் தட்டிய இடமெல்லாம் ¶ தெரியும். திரும்ப அழுத்தினால் மறைஞ்சிடும். டைப் பண்ணணும்னா ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நம்பர் பேடில் 0182.

பாறசாலை டீச்சர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிவப்பு மைக்காரர் கதையை இந்த வாரமே சொல்லப் போகிறேன். அப்புறம் ஒரு யோசனை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் பவுல் போன கப்பல் உடைகிற கதை, அதில் குறியே இல்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, எங்கெங்கே பில்க்ரோ வர வேண்டும் என்று பிள்ளைகளையே சிவப்புப் பேனாவால் போடச் சொல்வேன். அண்ணாச்சி, நீங்கள் என்றால் எங்கே போடுவீர்கள்?

நாகர்கோவில் கம்பாசிட்டர்:
14ஆம் வசனத்தில் கட்டாயம் ஒன்று. யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதுகிற இடம். பொழுது விடிகிற 39இல் இன்னொன்று. நடுவில் எங்கே என்பதைப் பிள்ளைகள் சண்டை போட்டு முடிவுபண்ணட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.