எஸ்க்யூஎல் சர்வர் 180 நாள் முடிந்து நின்றுவிட்டது. டேட்டா போகாமல் லைசென்ஸ் பதிப்புக்கு மாற்ற முடியுமா?

கொப்பரைக்களம் எழுதியது:

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எடைமேடை சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர்கள் பிப்ரவரி 12-ஆம் தேதி டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூஎல் சர்வர் 2019-ஐயும் போட்டார்கள். அது 180 நாள் மட்டும் ஓடும் இவாலுவேஷன் (சோதனை) பதிப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை காலை முதல் கொப்பரை வண்டி மேடையில் ஏறி நிற்கிறது, சீட்டு வரவில்லை. சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் உடனே நின்றுவிடுகிறது. ஈவென்ட் வியூவரில் 17051 என்ற எண்ணோடு, சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி. நாளை எண்ணிப் பார்த்தேன், சரியாக 180.

எடை காட்டும் இண்டிகேட்டர் தனியாக ஓடுவதால் லோடு எடை, வெறும் வண்டி எடை இரண்டையும் நோட்டில் எழுதி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பழைய விற்பனை, பாக்கி எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. டேட்டாபேஸ் ஃபைல் 7.4 ஜிபி. தினசரி பேக்கப் அதே கம்ப்யூட்டரில்தான் விழுந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் தள்ளினால் ஓடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. எடைச்சீட்டின் தேதியை வைத்துத்தான் பில், இ-வே பில் எல்லாம் போகிறது. அதில் பொய்த் தேதி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது எங்கள் முதலாளி. லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா, அப்படியே மாற்ற வழி இருக்கிறதா?

நெட்வொர்க்தம்பி எழுதியது:

காசு செலவில்லாமல் டெவலப்பர் பதிப்பு இருக்கிறதே அண்ணா, எல்லா வசதியும் உண்டு. இல்லையென்றால் 2019 எக்ஸ்பிரஸ் பதிப்பு போடுங்கள், அதுவும் இலவசம். ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை தாங்கும், உங்களுடையது 7.4 தானே.

தரவுக்காரி எழுதியது:

தம்பி, டெவலப்பர் பதிப்பு புரோகிராம் எழுதவும் சோதித்துப் பார்க்கவும் மட்டும்தான். தினமும் வியாபாரம் நடக்கும் எடைமேடையில் அதை ஓட்ட உரிமை கிடையாது. எக்ஸ்பிரஸ் நேர்மையான யோசனைதான், ஆனால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கொப்பரைக்களம், முதலில் ஒன்று: எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்கள் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் திறக்கும் சர்வீஸ்தான் நின்றிருக்கிறது. சர்வீஸ் நின்றிருப்பதால் ஃபைல்களை இப்போது அப்படியே காப்பி எடுக்கலாம். டேட்டா ஃபோல்டரில் உள்ள எம்டிஎஃப் (டேட்டா), எல்டிஎஃப் (மாற்றங்களின் லாக்) இரண்டு வகை ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோங்கள். எல்டிஎஃப் வெறும் லாக்தானே என்று விட்டுவிட்டு அப்புறம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வரின் சொந்த டேட்டாபேஸ்களான மாஸ்டர், எம்எஸ்டிபி ஃபைல்களையும் சேர்த்து எடுங்கள். லாகின்கள் மாஸ்டரில் இருக்கின்றன, இரவு பேக்கப் ஜாப் எம்எஸ்டிபியில்.

லைசென்ஸ் பதிப்பான ஸ்டாண்டர்டு வாங்கினால் வேலை சுலபம். 2019-இன் செட்அப்பைத் திறந்து, மெயின்டனன்ஸ் பக்கத்தில் எடிஷன் அப்கிரேடு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கீ கேட்கும் இடத்தில் புதிய கீயைக் கொடுத்து, உங்கள் இன்ஸ்டன்ஸை (கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் சர்வரை) காட்டினால் போதும். டேட்டாபேஸ், லாகின், ஜாப் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். நிறுவனங்களுக்கான வால்யூம் லைசென்ஸில் வரும் ஐஎஸ்ஓவாக (செட்அப் ஃபைலாக) இருந்தால் கீ பெட்டியில் தானாகவே நிரம்பியிருக்கும்.

எக்ஸ்பிரஸுக்கு இந்த வழியில் போக முடியாது. தனி இன்ஸ்டன்ஸாகப் போட்டு, காப்பி எடுத்த ஃபைல்களை அதில் அட்டாச் செய்ய வேண்டும். லாகின்களைப் புதிதாக உண்டாக்கி இணைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஜாப்களை ஓட்டும் ஏஜென்ட் அதில் இல்லை, ஆகவே பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் வைக்க வேண்டும். இன்னொன்று, ஆறு மாதத்தில் 7.4 ஜிபி எப்படி வந்தது? எடைமேடையில் கேமரா இருக்கிறதா?

கொப்பரைக்களம் எழுதியது:

இருக்குதுங்க அக்கா. வண்டி ஏறும்போது இரண்டு, இறங்கும்போது இரண்டு படம். எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேதான் போகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், இந்த வேகத்தில் அக்டோபர் வாக்கில் 10 ஜிபி ஆகிவிடும். சாஃப்ட்வேர்காரர்களிடம் படங்களை ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னால் உடனே நடக்காது. ஆகவே ஸ்டாண்டர்டுதான்.

டீலர் 2022 லைசென்ஸ்தான் இப்போது கிடைக்கும் என்கிறார். அதையே போட்டுவிடலாமா?

தரவுக்காரி எழுதியது:

லைசென்ஸ் 2022 வாங்குங்கள், ஓட்டுவது 2019-ஆக இருக்கட்டும். வால்யூம் லைசென்ஸில் பழைய பதிப்பை ஓட்டும் உரிமை உண்டு. 2019-இன் ஐஎஸ்ஓவையும் கீயையும் டீலரிடம் கேட்டு வாங்குங்கள். டேட்டாபேஸை 2022-இல் ஒரு முறை திறந்துவிட்டால் அப்புறம் 2019-க்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. எடைமேடை சாஃப்ட்வேர் 2022-இல் ஓடுமா என்று தெரியாமல் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.

சர்வர் லைசென்ஸோடு சிஏஎல்லும் (சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குமான உரிமம்) வேண்டும். எத்தனை கம்ப்யூட்டர் இதைத் தொடுகிறதோ அத்தனை. நடுவில் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்பதற்காக எண்ணிக்கை குறையாது.

கொப்பரைக்களம் எழுதியது:

வெள்ளிக்கிழமை மாலை கீ வந்தது. கடைசி வண்டி போன பிறகு உட்கார்ந்தேன். ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அளவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செட்அப்பைத் தொட்டேன். அக்கா சொன்ன இடத்திலேயே எடிஷன் அப்கிரேடு இருந்தது. காலக்கெடு முடிந்திருந்தாலும் தடை சொல்லவில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வீஸ் ஓடியது. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் பதிப்பைக் கேட்டால் ஸ்டாண்டர்டு எடிஷன் என்று வருகிறது. திங்கட்கிழமை காலை வரை இருந்த சீட்டுகள் ஒன்று விடாமல் இருக்கின்றன.

நோட்டில் எழுதிய ஐந்து நாள் எடைகளை நானும் மேடைக்காரரும் மாறி மாறி வாசித்து ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அன்றைய உண்மைத் தேதியைத்தான் போட்டோம். சிஏஎல் ஐந்து வாங்கியிருக்கிறோம்: எடைமேடை, அலுவலகத்தில் மூன்று, முதலாளி அறையில் ஒன்று. பேக்கப் இப்போது அலுவலகத்தின் இன்னொரு கம்ப்யூட்டரில் விழுகிறது.

மில்லின் மற்ற கம்ப்யூட்டர்களில் என்ன பதிப்பு ஓடுகிறது என்று இன்று காலை முதல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளக் கணக்குக் கம்ப்யூட்டரிலும் இதே இவாலுவேஷன்தான், இன்னும் 41 நாள் இருக்கிறது. அதில் டேட்டா 300 எம்பிகூட இல்லை, கேமராவும் கிடையாது. அதை எக்ஸ்பிரஸுக்கு மாற்றுகிறேன், இந்த முறை சர்வீஸ் ஓடும்போதே முறையாகப் பேக்கப் எடுத்து. நன்றிங்க அக்கா. தம்பிக்கும் நன்றி, எக்ஸ்பிரஸ் யோசனை அவருடையதுதான்.