ஹெப்ரிடீஸ் தீவுகள்: பாய்மரப் படகிலிருந்து கரையிறங்கியபோது கண்டவை

நெய்தல்வாசி:

பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்க ஸ்காட்லாந்து போனவர்கள் இங்கே நிறைய எழுதியிருக்கிறீர்கள். நண்பர்களின் பாய்மரப் படகில் டோபர்மோரி துறைமுகத்திலிருந்து நான் கிளம்பியதும் அதற்காகத்தான். லுங்கா தீவில் இறங்கும் இடம் முழுக்க உருண்டைக் கற்கள், பாசி படிந்து வழுக்கும். மேலே ஏறிப் புல்வெளியில் அசையாமல் உட்கார்ந்தால் பஃபின்கள் தாமே பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆள் இருக்கும் இடத்தை நெருங்கக் கடற்காகங்கள் தயங்கும், அதனால் நம் அருகில் இருப்பது பஃபின்களுக்குப் பாதுகாப்பு. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை கடலுக்குத் திரும்பிவிடும், எனவே ஜூலைக்குள் போய்விடுங்கள்.

ஆனால் என்னை ஆட்டிவைத்தது ரம் தீவு. அந்தி சாயும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய் மட்டும் விரித்து வந்துகொண்டிருந்தோம். நீர்ப்பரப்பில் கரும்படலமாக ஏதோ கிடந்தது. கிட்டே போனால் மாங்க்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள்! கூட்டங்கூட்டமாக மிதந்தபடி இருட்டுக்குக் காத்திருந்தன. படகுக்கு வழிவிட்டு விலகின, பறக்கக்கூட இல்லை.

இருட்டுக்குக் காத்திருப்பதற்குக் காரணம் அவற்றின் கால்கள். உடலின் பின்பகுதியில் அமைந்திருப்பதால் நீரில் துடுப்பாக உதவும், தரையிலோ நிற்கவே திணறும். பகலில் கரையேறினால் கடற்காகத்துக்கும் கழுகுக்கும் இரைதான். ஆகவே நள்ளிரவில் மலைமேல் உள்ள வளைகளுக்கு வருகின்றன. ஏறத்தாழ ஒரு லட்சம் ஜோடிகள் அங்கே கூடுகட்டுகின்றன, உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று. குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்கக் கரைவரை போய்த் திரும்புபவை அவை.

நிலவில்லாத இரவில் ஹாலிவால் மலைச்சரிவில் ஏறினோம். தலைக்கு மேல் சிறகுகள் விர்ரென்று கடந்தன, காலடியில் மண்ணுக்குள்ளிருந்து கரகரத்த அலறல் எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எச்சத்தின் உரத்தால் அந்த உயரத்திலும் புல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. அதை மேய வரும் சிவப்பு மான்கள் சில வேளை வளையோரக் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. எலும்புச் சத்துக்காக என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மான் குஞ்சு தின்னும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

போகிறவர்களுக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: தடத்தைவிட்டு விலகாதீர்கள். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. வளை சரிந்தால் அந்த ஆண்டு அதோடு சரி.

துடுப்பு:

நெய்தல்வாசி ஐயா, ரம்முக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னா தீவையும் இதோடு சேர்க்க வேண்டும். இதே மாங்க்ஸ் ஷியர்வாட்டர் அங்கேயும் இருந்தது. எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று ஏறக்குறைய ஒழித்தே விட்டன. 2005-06 குளிர்காலத்தில் நியூசிலாந்து வல்லுநர்கள் வந்து தீவு முழுக்க நச்சு இரை வைத்தார்கள். அதற்கு முன்பே கன்னாவின் காட்டுச் சுண்டெலிகளில் (இவை வேறு இனம்) ஒரு பகுதியைப் பிடித்து வெளியே பத்திரமாக வைத்திருந்து, பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். 2008-இல் தீவில் முட்டை தின்னும் அந்த எலி இல்லை என்று அறிவித்தார்கள்.

அந்த எலி பெரும்பாலும் படகில்தான் வருகிறது. அதனால் துறையை அடையும் முன்பே கயிற்றுச் சுருள், பாய்ப் பை, உணவுப் பெட்டி எல்லாவற்றையும் நான் ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுவேன். உடன் வருபவர்களுக்கு அது சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். இன்னொன்று: கன்னா துறையின் அடியில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி அடர்ந்திருக்கிறது, நங்கூரம் மண்ணைப் பிடிக்காது. அங்கே பயணிகளுக்கென்று கட்டுமிதவைகள் போட்டிருக்கிறார்கள், அவற்றில் கட்டுங்கள்.