டர்பனில் கேனோ கிளப்பில் சேர ஆசை, நீச்சல் அரைகுறைதான்

கேள்வி: முத்துநகர்ப்பெண்

வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவருக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. டர்பன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ப்ளூ லகூன் பக்கம் நடக்கப் போவோம். அங்கே உம்கேனி ஆற்றில் ஒல்லி ஒல்லியான படகுகளில் ஆட்கள் சத்தமே இல்லாமல் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, ஏழாவது படிக்கிற என் மகள் "அம்மா, நானும்" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். ஆனால் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றியதே இல்லை. அப்பா கரை சேரும்போது மீன் கூடை வாங்கக் கால் நனைய நின்றதோடு சரி.

விசாரித்ததில், கிளப்பில் சம்பளத்துக்கு ஆளே கிடையாது, எல்லாவற்றையும் உறுப்பினர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றார்கள். போனை யாரும் எடுப்பதில்லை. மின்னஞ்சலுக்கு நாலு நாள் கழித்து "சனிக்கிழமை காலை வாருங்கள்" என்று ஒரே வரியில் பதில். அதனால்தான் இங்கே கேட்கிறேன். சொந்தப் படகு வேண்டுமா? மகள் நன்றாக நீந்துவாள். எனக்குக் குளத்தில் ஒரு நீளம் போவதற்குள் மூச்சு வாங்கும். தண்ணீர் சுத்தமில்லை என்கிறார்களே? அப்புறம், அது டூசி என்கிற நீண்ட தூரப் படகுப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கான இடமா? எங்களைப் போன்றவர்கள் போய் நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பதில்: மாரிட்ஸ்பர்க் தம்பி

அக்கா, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கேம்ப்ஸ் ட்ரிஃப்ட்டில் துடுப்பு போடுகிறவன். சொந்தப் படகு வேண்டாம், இப்போதைக்கு வாங்கவும் வாங்காதீர்கள். நான் முதல் மாதமே மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பந்தயப் படகு ஒன்றை வாங்கினேன். அவ்வளவு ஒடுக்கமான படகில் புது ஆளால் உட்காரவே முடியாது. ஒரு வருடம் கராஜில் தொங்கியது. கிளப் படகில் பழகி, எந்த அகலம் உங்களுக்குச் சரிவருகிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

இங்கே கேனோ என்று சொன்னாலும் ஓட்டுவது கயாக்தான், இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பு. ஒருவர் போவது கே1, 5.2 மீட்டர் நீளம். இருவர் போவது கே2, 6.5 மீட்டர்.

டூசி எங்கள் ஊரில் தொடங்கி உங்கள் லகூனில் முடிகிறது. மூன்று நாள், சுமார் 120 கிலோமீட்டர், நடுவில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி ஓட வேண்டும். 1951 டிசம்பரில் முதல்முறை எட்டுப் பேர் கிளம்பி, இயன் ப்ளேயர் ஒருவர்தான் போய்ச் சேர்ந்தார். வழியில் பாம்பு கடித்தும் விடவில்லை. ஆறு நாளுக்கு மேல் ஆனது. அது ஒரு பைத்தியம், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் கிளப்புக்கு வருகிறவர்களில் பலர் வாரம் ஒரு மணி நேரம் ஆற்றில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான்.

பதில்: ஃபீனிக்ஸ் அக்கா

தங்கச்சி, லகூன் கரையில் இருக்கிற கிளப் ஒன்றில் எட்டு வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமை ஷெட் சாவி என் கையில்தான். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஒரு வரி பதில். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரிக் கிளப்பில் கடிதம் பார்க்கிறவர் பகலெல்லாம் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பதில் போடுகிறார். அதனால் கடைக்குப் போவதுபோல் போகாதீர்கள், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போங்கள். போனதும் ஒரு கை கொடுத்தால், யார் எவர் என்று கேட்காமலே பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். என் முதல் நாளில் ஷெட் வாசலில் கைகட்டி நின்றேன். ஒருவர் கே2வின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "அந்த முனையைப் பிடிங்க" என்றார். அதுதான் அறிமுகம். பெயர் கேட்டதெல்லாம் படகை ஆற்றில் இறக்கிய பிறகுதான்.

நீச்சல் விஷயத்தில் நான் கறார். ஒரு நீளத்தில் மூச்சு வாங்கினால் போதாது. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், ஆனால் முகத்தில் தண்ணீர் அடித்ததும் வருகிற பதற்றத்தை அது நிறுத்தாது. நான் சேர்ந்தது 49 வயதில். அதற்கு முன் மூன்று மாதம் நகராட்சிக் குளத்தில் நீந்தப் பழகினேன். நீங்களும் இரண்டு மாதம் குளத்துக்குப் போங்கள். அதுவரை மகளைச் சேர்த்துவிடுங்கள்; சின்னப் பிள்ளைகள் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், கரையில் பெரியவர் ஒருவர் இருக்கவும் வேண்டும். அப்படி நிற்கிற நேரத்தில் நீங்கள் பாதி கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

கட்டாயம் கவிழ்வீர்கள். இங்கே அதற்கு ஸ்விம் என்று பெயர். "இன்னைக்கு எத்தனை ஸ்விம்?" என்பது குசலம் விசாரிப்பது மாதிரி. ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. முழங்கால் ஆழத்தில் படகை நிறுத்தி, இரண்டு பக்கமும் கால் போட்டு நின்று, பின்பக்கத்தை முதலில் இருக்கையில் வையுங்கள். கால்கள் இரண்டும் வெளியே தண்ணீரில் தொங்கட்டும். அப்படியே சும்மா இருங்கள். படகு இடுப்புக்குக் கீழே நடுங்கும். அந்த நடுக்கம் உங்கள் தொடையிலிருந்துதான் வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும். மூச்சை விட்டால் படகும் அடங்கும். பிறகு ஒரு காலை உள்ளே இழுங்கள், நின்று நிதானித்து மறு காலை. படகின் மூக்கைப் பார்க்காமல் எதிர்க்கரை மரத்தைப் பாருங்கள். ஆடுகிறதே என்று துடுப்பைத் தூக்கிப் பிடித்தால் அந்த நொடியே தண்ணீரில் இருப்பீர்கள். அலகு தண்ணீருக்குள் இருக்கும்வரை அதுதான் கைப்பிடி. எனக்கு இது புரிய ஆறு வாரம் ஆயிற்று.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள், துடுப்பையும் விடாதீர்கள். இரண்டையும் பிடித்தபடி கரைக்கு வந்து சேருங்கள். தண்ணீர் நிறைந்த படகை நடுவில் பிடித்துத் தூக்கவே கூடாது, முதுகு ஒடிந்துவிடும். ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்தி, நீர் வடிய வடியத் தூக்க வேண்டும். நான் இரண்டாவது மாதம் அவசரத்தில் அப்படித் தூக்கி, கிளப் படகு ஒன்றின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது. அழுகையே வந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்கள். விரிசலைச் சுற்றி மணல்தாளால் தேய்த்து, துடைத்து, கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, ரெசினில் கெட்டியாக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். குமிழ் நின்றால் அந்த இடம் மறுபடியும் கசியும். இரண்டு மணி நேரம் குனிந்தே செய்தேன். அந்தப் படகு இன்னும் ஓடுகிறது. அதன் அடியில் இருக்கிற அந்த மங்கல் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கிளப் என்னுடையது என்று தோன்றும்.

செலவு: வருடச் சந்தா ஒன்று. சொந்தப் படகு வைத்தால் ரேக் வாடகை தனி. பந்தயத்துக்குப் போனால் கேனோயிங் சவுத் ஆப்பிரிக்கா உரிமமும், தேறியதற்கான ஒரு சோதனையும் உண்டு, அதெல்லாம் பிறகு. சந்தாவைவிட டூட்டிதான் முக்கியம். ஷெட் கழுவுவது, வாரப் பந்தயத்தில் நேரம் குறிப்பது, டீ போடுவது என்று எல்லோர் பெயரும் முறைவைத்து வரும். அதைத் தட்டிக் கழிக்கிறவர்கள் நாளடைவில் தாங்களாகவே வராமல் போய்விடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

ஷெட்டில் ஒரு நோட்டு இருக்கும். போகும்போது பெயர், நேரம், எந்தத் திசை. வந்ததும் ஒரு கோடு. அதை எழுதாமல் இறங்கவே இறங்காதீர்கள். எல்லிஸ் பிரவுன் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போகாதீர்கள். கடல் வற்றி இறங்கும்போது முகத்துவாரத்தில் இழுவை இருக்கும். கனொட் பாலத்தை நோக்கி மேலே போய்த் திரும்புவது போதும். வற்று நீர் நேரத்தில் அங்கங்கே மணல் திட்டு தட்டும். பீச்வுட் அலையாத்திக் காடு வடகரையில். அந்தப் பக்கம் விடிகாலையில் போனால் கொக்கும் மீன்கொத்தியும்தான் துணை.

கடைசியாகக் கேட்டீர்களே, ஒரு மாதிரி பார்ப்பார்களா என்று. அதற்குத்தான் நான் எழுத உட்கார்ந்தது.

நான் பிறந்தது ஸ்ப்ரிங்ஃபீல்டில், டின் டவுனில், இதே ஆற்றங்கரையில். 1976 மார்ச் வெள்ளத்தில் எங்கள் தகர வீடு போனது. எனக்கு எட்டு வயது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்த தண்ணீர் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு ஃபீனிக்ஸில் வீடு கொடுத்தார்கள். அதற்கப்புறம் அம்மா சாகும்வரை இந்த ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, பாலத்தில் பஸ் போனால் கண்ணை மூடிக்கொள்வார். அப்பாவுக்கோ வேறு வலி. கடற்கரையையே நிறம் பார்த்துச் சட்டம் போட்டுப் பிரித்திருந்த காலம் அது. படகு கிளப் என்பது நாம் வேலியோரம் நின்று பார்க்கிற விஷயம். ஒன்று பயம், ஒன்று தடை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒருவர்கூடத் துடுப்பைத் தொடவில்லை.

ஆனால் ஆயா ஒரு கதை சொல்வார். 1917 அக்டோபர் 28, இதே சமவெளியில் பெருவெள்ளம். வலைவீசிப் பிழைத்த நம்மவர்கள் ஆறு பேர் தங்கள் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டன் அறுவர் என்று இன்றும் டர்பனில் சொல்கிறோம். பெயரிலேயே படவு, அதாவது படகு, இருக்கிறது பாருங்கள். கூலிக்கு வந்த சனத்தின் பிள்ளைகள் இந்த ஆற்றில் துடுப்பு போட்டது இங்கே எந்தக் கேனோ கிளப்பும் வருவதற்கு முன்னால்.

இன்று எங்கள் ஷெட்டில் நம்மவர்கள் ஆறேழு பேர்தான். இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். முதல் நாள் யாராவது ஏறிட்டுப் பார்க்கலாம். நீங்கள் படகின் மறுமுனையைப் பிடித்ததும் அது போய்விடும். வாருங்கள். பழைய ஷூ ஒன்று போட்டு வாருங்கள், சேற்றில் சிப்பியும் கண்ணாடியும் காலைக் கிழிக்கும். மாற்றுத் துணி, துண்டு, குடிக்கத் தண்ணீர். காலை ஆறு மணி.

பதில்: நர்ஸ், சாட்ஸ்வொர்த்

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இறங்காதீர்கள், கழிவுநீர் கலக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் கட்டமைப்பே நொறுங்கியது. கிளப் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு போட்டால் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாயை மூடிக் கவிழப் பழக வேண்டும். ஆறாத காயத்தோடு இறங்கக் கூடாது, ஏறி வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். துடுப்புக்காரர்கள் டூசி கட்ஸ் என்று சொல்கிற வயிற்றுப்போக்கு உண்மையிலேயே ஆளைச் சாய்க்கும், பிள்ளைகளை இன்னும் சீக்கிரம்.

பில்ஹார்சியா நன்னீர் நத்தையிலிருந்து வரும் புழு, தோல் வழியாக நுழையும். கடல்நீர் ஏறுகிற லகூனில் அந்தக் கவலை குறைவு. மேலே ஆற்றிலும் அணைகளிலும் உண்டு. நனைந்த அடுத்த வாரமே மாத்திரை போடுவதில் பயனில்லை, பிராசிக்வான்டெல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்னபடி போடுங்கள்.

பதில்: முத்துநகர்ப்பெண்

எல்லோருக்கும் நன்றி. மூன்று சனிக்கிழமை போய்விட்டோம். மகள் பிளாஸ்டிக் படகு ஒன்றில் முதல் நாள் ஐந்து ஸ்விம், நேற்று ஒன்றுமில்லை. நான் குளத்தில் நிற்காமல் நான்கு நீளம் போகிறேன். ஷெட்டில் ஒரு படகுக்கு மணல்தாள் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது, ஆனால் அன்று நல்ல தூக்கம். நேற்று அக்கா என்னையும் கே2வின் பின் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். பாலத்தடியில் திரும்பும்போது எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. இரவு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு "வாடையா, கொண்டலா?" என்று கேட்டார். வடகிழக்கு என்றேன். "அப்போ இரண்டுக்கும் நடுவுல. வெயில் ஏற ஏறக் கூடும், பார்த்துப் போ" என்றார். அப்பா என்னிடம் காற்றைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

பதில்: ஃபீனிக்ஸ் அக்கா

அப்பா சொன்னது சரி. இங்கேயும் அந்தக் காற்று வெயிலோடு ஏறும், அதனால்தான் ஆறு மணி. அடுத்த வாரம் அரை மணி முன்னாலேயே வாருங்கள், கடல்நீர் ஏறுகிற நேரம், மணல் திட்டு தட்டாது. மகளுக்கு கப்பி என்கிற சின்னப் பிள்ளைகள் படகு ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், மூன்றாவது ரேக், கீழ்த்தட்டு. துடுப்பு அவள் கைக்கு நீளம். குட்டையாக இன்னொன்று மேலே மாட்டியிருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோட்டில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.