லாப் ஸ்டீல் கிதாரில் பாட்டின் மெட்டு தெளிவாகக் கேட்கவில்லை: உதவி தேவை

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆறு தந்திகள் கொண்ட, 22.5 அங்குலத் தந்தி நீளமுள்ள மின்சார லாப் ஸ்டீல் கிதாரை (மடியில் கிடத்தி வாசிப்பது) சி6 முறையில் (தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ) சுருதி சேர்த்து, மோகன ராகத்தில் அமைந்த திரைப்பாடல்களின் மெட்டை ஒரு கட்டைச் சுருதியில் (சி-யே சட்ஜம்) வாசிக்க முயன்று வருகிறேன். மூன்று சிக்கல்கள் உள்ளன. முந்தைய ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் மேல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பார் (தந்திகளின் மேல் இடக்கையால் நகர்த்தும் உலோகத் துண்டு) வழுக்கிச் செல்வதால் பாட்டின் சொற்கள் எதுவும் பிரிந்து கேட்பதில்லை. மேலும், டியூனரில் சரியாகச் சேர்த்த பிறகும் சுருதிப் பெட்டியோடு காந்தாரம் ஒட்ட மறுக்கிறது. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி:
வணக்கம். முதலில் ஒலியை நிறுத்தும் வேலையைக் கவனியுங்கள், ஏனெனில் இந்த வாத்தியத்தில் தந்தியை மீட்டுவதைவிட அதை அடக்குவதே கடினம். இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பாருக்குப் பின்னால், அதாவது பிருடைகள் (தந்தியை முறுக்கும் திருகுகள்) இருக்கும் பக்கத்தில், தந்திகளின் மேல் எப்போதும் லேசாகப் படிந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் பாருக்குப் பின்னுள்ள தந்திப் பகுதியும் அதிர்ந்து இரைச்சல் தரும். வலக்கையில், ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குப் போகும் கணத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதி பழைய தந்தியைத் தொட்டு நிறுத்த வேண்டும். மிக மெதுவாக, இரண்டே தந்திகளில், இடையில் முழு மௌனம் கேட்கும்படி பழகுங்கள்.

பாரை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தந்தி இழுபட்டு ஸ்ருதி ஏறும். ஸ்வர இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கோட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்க்காமல் நேர் மேலிருந்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டின் அகலம் 32 மில்லிமீட்டர், பன்னிரண்டாவதைத் தாண்டியதும் அது 16 மில்லிமீட்டர்தான் என்பதால், அங்கே பார் சற்றே நகர்ந்தாலும் பிழை இரட்டிப்பாகும்.

இரண்டாம் மறுமொழி:
காந்தாரம் ஒட்டாததற்கு உங்கள் காது காரணமல்ல. டியூனர் காட்டும் இ (உங்கள் சுருதியில் அதுவே காந்தாரம்), சுருதிப் பெட்டியோடு இயல்பாக இணையும் அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாக இருக்கும். முதல் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் (மெல்லிய தந்தியே முதலாவது) அந்த அளவு இறக்கி, சுருதிப் பெட்டியோடு காதால் சேர்த்துப் பாருங்கள். அதன்பின் அவ்விரண்டிலும் காந்தாரமல்லாத ஸ்வரங்களைப் பிடிக்கும்போது பாரைக் கோட்டுக்குச் சற்று முன்னே, பாலத்தின் (தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின்) பக்கமாக, வைக்க வேண்டும். ஃப்ரெட்டுகளே இல்லாத சித்திரவீணையில் முழுவதும் செவியை நம்பித்தான் வாசிக்கிறார்கள்; நமக்கும் கோடுகள் வெறும் அடையாளமே.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. காந்தாரம் இப்போது அருமையாக நிற்கிறது, இரைச்சலும் குறைந்துவிட்டது. ஆனால் வேகமான சொற்கள் வரும் இடங்களில் இன்னும் வழுக்கலாகவே கேட்கிறது. சோகப் பாடல்களுக்கு வேறு முறையில் சுருதி சேர்க்க வேண்டுமா என்பதையும் தெரிவியுங்கள்.

முதல் மறுமொழி அளித்தவர்:
ஒரே தந்தியில் மேலும் கீழும் ஓடுவதால்தான் வழுக்குகிறது. உங்கள் தந்திகளின் ஸ்வரங்கள் ச, க, ப, த, ச, க. மோகனத்தில் ரிஷபம் மட்டுமே குறை. பன்னிரண்டாம் கோட்டில் பாரை நேராக வைத்தால் இந்த ஆறும் அங்கேயே கிடைக்கும். ரிஷபத்துக்கு மட்டும் ஆறாம் தந்தியிலோ இரண்டாம் தந்தியிலோ 14-ஆம் கோட்டுக்குப் போனால் போதும். சங்கராபரணமாக இருந்தால் மத்தியமம் ஐந்தாம் தந்தியில் 13, நிஷாதம் மூன்றாம் தந்தியில் 14. பார் படாத திறந்த தந்தியில் கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு) வழியில்லை என்பதால் நான் பன்னிரண்டையே விரும்புகிறேன்.

எங்கே வழுக்க வேண்டும் என்பதைப் பாட்டின் சொற்களே சொல்லும். வாயால் பாடிப் பாருங்கள்: வல்லினம் வந்து விழும் ஒவ்வோர் அசையிலும் தந்தியை மீட்டுங்கள், நெடில் இழையும் இடத்தில் மட்டும் பாரை நகர்த்துங்கள். அப்படி இழையும் ‘க ரி ச’ வந்தால் முதல் தந்தியில் 12, 10, 8 என்று ஒரே மீட்டில் இறங்கலாம். வான் ஷிப்லி, கொல்கத்தாவின் சுனில் கங்குலி ஆகியோர் ஹவாயன் கிதாரில் இந்தித் திரைப்பாடல்களை வாசித்த பதிவுகளை இந்த ஒரு நோக்கத்தோடு கேளுங்கள். எத்தனை இடங்களில் அவர்கள் வழுக்காமல் விடுகிறார்கள் என்று கவனித்தபோதுதான் எனக்கு இந்த வாத்தியத்தின் மேல் பெரும் மரியாதை உண்டானது.

சோகப் பாடல்களுக்குச் சுருதி முறையை மாற்றத் தேவையில்லை. மூன்றாம் தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால் இதே அமைப்பு ச, க, ப, நி ஆகிவிடும். இங்கே காந்தாரம் சாதாரண காந்தாரம், நிஷாதம் கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி ராகத்துக்கு இவற்றோடு மத்தியமம் மட்டும் தேவை. ஒரு கட்டைச் சுருதியிலேயே வாசிக்க பாரை மூன்றாம் கோட்டில் வையுங்கள், மத்தியமம் இரண்டாம் தந்தியில் ஐந்தாம் கோட்டில் இருக்கும். அங்கே முதல் தந்தி பஞ்சமம் ஆகிறது. அதைத்தான் நீங்கள் இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதால் அந்த ஸ்வரத்துக்குப் பாரைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்னே தள்ளிப் பிடியுங்கள்.