மறு: கால்கோஃபில்லைட்டுக்குத் தமிழ்ப் பேர் – செப்பேடா, செப்பிலையா, செப்பிதழா?

எல்லாருக்கும் வணக்கம்,

கனிமங்களுக்குத் தமிழ்ப் பேர் வெக்கிற நம்ம பட்டியல்ல செம்பு ஆர்சனேட்டு (செம்போட ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேந்த கனிமங்கள்) பகுதி வரைக்கும் வந்தாச்சு, அதுல ஒரே ஒரு பேர்ல ரெண்டு வாரமா மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அதான் உங்ககிட்டயே கொண்டு வந்துட்டேன். கால்கோஃபில்லைட்டு. கிரேக்கத்துல கால்கோஸ்னா செம்பு, ஃபில்லோன்னா இலை. இந்தப் பேரை வெச்சவர் பிரைத்தவுப்ட், 19ஆம் நூற்றாண்டுல ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரில பாடம் எடுத்த ஜெர்மன்காரர். செம்பையும் இலையையும் சேத்துத் தமிழ்ல சொல்லிப் பாருங்க, நேரா செப்பேடுன்னு வந்து நிக்கும். ஒரு எழுத்து கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனா அந்தச் சொல்லுல அரசர்கள் தானம் எழுதிக் கொடுத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமே அது நமக்குக் கிடைக்காது. வேற என்ன வெக்கலாம்?

பேர் யோசிக்கிறதுக்கு முன்னாடி பொருளைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கணும்ல. மரகதப் பச்சைல இருந்து நீலம் கலந்த பச்சை வரைக்கும் போற நிறம். ஆறு மூலை உள்ள மெல்லிசு தட்டுகளா வளரும், பெரும்பாலும் தனித்தனியா இருக்காது, ஒன்னு மேல ஒன்னு சாஞ்சு ரோஜாப்பூ விரிஞ்ச மாதிரி கொத்தா இருக்கும். தட்டோட தளத்துக்கு இணையா சுத்தமாப் பிளக்கும், பிளந்த முகத்துல முத்து மாதிரி ஒரு மினுக்கு. கடினத்தன்மை மோஸ் அளவுல 2தான், அதாவது நகத்தால கீறினாலே கோடு விழும். அடர்த்தி 2.7க்கு ஒட்டி, செம்பு இருக்கிற ஒரு கனிமத்துக்கு இது ரொம்பக் கம்மி, காரணம் உள்ள இருக்கிற தண்ணி.

தண்ணின்னு சாதாரணமாச் சொல்லிட்டேன், கணக்கைப் பாத்தப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. வாய்பாடு இப்படிப் போகுது: செம்பு 18, அலுமினியம் 2, ஆர்சனேட்டு 4, சல்பேட்டு 3, ஹைட்ராக்சில் 24, அது போக நீர் மூலக்கூறு 36. எடை போட்டுப் பாத்தா செம்பு 37 சதவீதம், நீர் மூலக்கூறு மட்டும் 21 சதவீதம். ஐஞ்சுல ஒரு பங்கு தண்ணி! ஹைட்ராக்சிலையும் தண்ணியா மாத்திக் கணக்குல சேத்தா 28 வரைக்கும் போகும். சில புத்தகத்துல ஆர்சனேட்டு 3, ஹைட்ராக்சில் 27, நீர் 33ன்னு இருக்கும், அதுலயும் மின்சுமை சரியா சமன் ஆகும், அதனால பழைய பதிவைப் பாத்து யாரும் தப்புன்னு அடிச்சுடாதீங்க.

நான் யோசிச்சது செப்பிலைக்கல். சரியா வருமா?

———

> நான் யோசிச்சது செப்பிலைக்கல்

தம்பி, முயற்சி நல்லா இருக்கு, ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது.

முதல்ல கல். நீங்களே நகத்தால கீறலாம்னு எழுதியிருக்கீங்க, அப்பறம் கல்லுன்னு முடிச்சா எப்படி? கல்லுன்னா கேக்கிறவன் மனசுல ஒரு உறுதி வந்துடும். அதோட சுண்ணாம்புக்கல், மணற்கல்னு பாறைகளுக்கும் அதே கல்லைத்தான் போடறோம், கனிமத்துக்கும் பாறைக்கும் இருக்கிற வித்தியாசம் பேர்லயே அழிஞ்சு போகுது. அயல்மொழில ஐட்டுன்னு முடிஞ்சாலே நாம கல்லுன்னு முடிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

ரெண்டாவது செப்பிலை. புணர்ச்சி சரிதான், இரும்பு இருப்புப்பாதை ஆன மாதிரி செம்பு செப்பு ஆகி இலையோட சேருது. ஆனா காதால கேட்டுப் பாருங்க. செப்புன்னா சொல்லுன்னும் அர்த்தம் உண்டு, வேகமாச் சொன்னா செப்பலை, சொல்லலைன்னு காதுல விழுது. எழுத்துல பிரச்சினை இல்ல, வகுப்புல நின்னு சொல்றப்ப பிரச்சினை.

எங்க காலத்துப் பழைய கனிமப் புத்தகங்கள்ல இதுக்கு செம்பு மைக்கான்னு ஒரு பேர் இருந்துச்சு, ஜெர்மன்லயும் அதே பொருள்ல குப்ஃபர்கிளிம்மர்னு சொல்லுவாங்க. மைக்காவைத் தமிழ்ல அப்பிரகம்னு சொல்றோம்ல, அதை எடுத்துக்கிட்டு செப்பு அப்பிரகம்னு வெக்கலாமே? ஏடு ஏடா உரியிற குணம் அப்பிரகம்னு சொன்ன உடனே புரிஞ்சுடும்.

இன்னொரு வழியும் இருக்கு. செம்புப் பாத்திரத்துல பச்சையாப் படியுறதை நாம களிம்புன்னு சொல்றோம். இந்தக் கனிமமும் ஒரு வகைல பூமிக்குள்ள செம்புத் தாது காத்தும் தண்ணியும் பட்டுக் களிம்பு ஏறுன கதைதான். களிம்பேடு, களிம்பிலை, இப்படி ஏதாவது?

———

> செப்பு அப்பிரகம்னு வெக்கலாமே?

ஐயா, மன்னிக்கணும், அப்பிரகம் வேண்டாம்னு நெனைக்கிறேன். அப்பிரகம் சிலிக்கேட்டு குடும்பம், இதுல சிலிக்கானே கிடையாது. அப்பிரகத்தை உரிச்சா ஏடு வளையும், விட்டா திரும்ப நிமிரும், அந்த மீள்தன்மைதான் அதோட அடையாளமே. கால்கோஃபில்லைட்டுத் தட்டு வளைஞ்சு குடுக்காது, உடைஞ்சு போகும். பேரைப் பாத்துட்டு ஒரு மாணவர் சாமணத்தால தூக்கினா அந்த மாதிரித் துண்டே போச்சு. அந்தப் பழைய பேர் வழக்கொழிஞ்சதே நல்லதுன்னுதான் சொல்லுவேன்.

களிம்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா இப்போ களிம்புன்னா புண்ணுக்குப் போடற மருந்துதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. அதைவிடப் பெரிய சிக்கல், களிம்பு எல்லாச் செம்பு ஆர்சனேட்டுக்கும் பொருந்தும். ஆலிவெனைட்டும் பச்சை, யூக்ரோயிட்டும் பச்சை, கார்ன்வாலைட்டும் பச்சை, எல்லாமே மேல் மண்டலத்துல ஆக்சிஜன் பட்டு உண்டானதுதான். இதுக்கு மட்டும் எதுக்கு அந்தப் பேர்?

தம்பி, எங்க கிடைக்குதுன்னு நீங்க எழுதலை, பேர் முடிவு பண்ண அதுவும் உதவும், அதனால நான் சேத்துடறேன். தென்னன்டைட், எனார்ஜைட் மாதிரி செம்பும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேந்த தாது தரைமட்டத்துக்குக் கிட்ட வர்ற இடத்துல ஆக்சிஜன் கலந்த தண்ணி இறங்குது, கந்தகம் சல்பேட்டா மாறுது, ஆர்சனிக் ஆர்சனேட்டா மாறுது, செம்பு கரைஞ்சு ஓடுது. பக்கத்துப் பாறைல இருக்கிற ஃபெல்ட்ஸ்பார்ங்கிற அலுமினியம் உள்ள கனிமம் சிதைஞ்சு அலுமினியமும் வந்துச்சுன்னா எல்லாம் ஒரே பொந்துல சந்திச்சு இது படியுது. இவ்வளவும் ஒரே இடத்துல, சரியான அளவுல, தண்ணி வத்தாம இருக்கணும். அதனாலதான் அபூர்வம்.

இங்கிலாந்துல கார்ன்வால்ல குவென்னப் பகுதி சுரங்கங்கள் இதுக்குப் பேர் போனது, முக்கியமா வீல் கோர்லாண்ட். அங்க வீல்னா சக்கரம் இல்ல, கார்னிஷ் மொழில சுரங்கம்னு அர்த்தம். வான நீலத்துல இருக்கிற லிரோகோனைட்டும் அதே சுரங்கம்தான், அதுவும் நீர் ஏறுன செம்பு அலுமினியம் ஆர்சனேட்டு. 1801லயே பூர்னோன்ங்கிற கனிமவியலாளர் கார்ன்வால் செம்பு ஆர்சனேட்டுகளைப் படிக வடிவத்தை வெச்சுப் பிரிச்சு எழுதிட்டாரு, வேதியியலாளர் செனெவிக்ஸ் அதையெல்லாம் வேதிப் பகுப்பு பண்ணிக் குடுத்தாரு. பிரான்ஸ்ல தூலோன் பக்கத்துல காப் காரோன், அங்க கூழாங்கல் பாறைல இருக்கிற சின்னச் சின்னப் பொந்துக்குள்ள வரும். ஜெர்மனில கிளாரா சுரங்கம், அமெரிக்கால அரிசோனாவோட பிஸ்பீ, நெவாடாவோட மஜூபா ஹில். கூட அசுரைட், மாலகைட், புரோகான்டைட், கிளினோகிளேஸ், குப்ரைட்னு மத்த செம்புக் கனிமங்களும் இருக்கும்.

என்கிட்ட காப் காரோன்ல கிடைச்ச மாதிரித் துண்டு ஒன்னு இருக்கு, கட்டைவிரல் நகம் அளவு. கண்ணால பாத்தா பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். நுண்ணோக்கிக்குக் கீழ வெச்சா சத்தியமா இலை மாதிரி இல்ல, பூவிதழ் மாதிரி இருக்கு, நடுவுல இருந்து வெளில விரியுது. முன்னாடி வேற ஒரு மாதிரித் துண்டு வெச்சிருந்தேன், அதை விளக்கு வெளிச்சம் நல்லா விழணும்னு சூடான விளக்குக்குக் கீழ மாசக்கணக்குல வெச்சிருந்தேன், ஓரமெல்லாம் வெளுத்து அந்தக் கண்ணாடித் தெளிவே போயிடுச்சு. உலர்ந்த காத்துலயும் சூட்டுலயும் தண்ணியை விட்டுடும்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. இன்னிக்கும் நெனச்சா வருத்தமா இருக்கு.

இதழ்னு வர்ற மாதிரி ஏதாவது பாருங்களேன்.

———

> இதழ்னு வர்ற மாதிரி ஏதாவது பாருங்களேன்

அக்கா, இந்த ஒரு வரிக்கு ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பூரா இதையேதான் போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன்.

தமிழ்ல இலைக்கு இருக்கிற சொல்லையெல்லாம் வரிசையா எழுதிப் பாத்தேன். ஓலை, மடல் ரெண்டும் நீளமானது, தடிமனானது, இது தட்டை. தகடுன்னு போட்டா செப்புத்தகடு, அது பட்டறைல அடிச்சு எடுக்கிற தகடு. தாள்னு போட்டா காகிதம். ஏடு போயாச்சு. இதழ்தான் நின்னுச்சு. மெல்லிசு, ஒன்னு மேல ஒன்னு அடுக்கி வரும், தொட்டா கசங்கும், வெயில்ல வாடும். அக்காவோட மாதிரித் துண்டுக்கு நடந்தது இதழ் வாடுற கதைதானே.

கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இலைதான், இதழ் இல்லன்னு ஐயா கேக்கலாம். நாம அந்தச் சொல்லை மொழிபெயர்க்கலை, அந்தப் பொருளுக்குப் பேர் வெக்கிறோம்னு நெனைக்கிறேன். பிரைத்தவுப்ட் கண்ணுக்கு இலையாத் தெரிஞ்சுச்சு, நம்ம கண்ணுக்கு இதழாத் தெரியுது. இதுக்கு முன்மாதிரியும் இருக்கு: கால்காந்தைட்டுன்னா கிரேக்கத்துல செம்புப் பூ, நாம அதைச் செம்பூன்னா சொல்றோம்? மயில்கழுத்து நிறத்தைப் பாத்து மயில்துத்தம்னு சொல்றோம், அந்தப் பேர்ல செம்பும் இல்ல பூவும் இல்ல, ஆனா பொருள் கண்ணு முன்னாடி வந்துடுது.

படிக அமைப்பும் கை குடுக்குது. 1980ல வெளிவந்த ஆய்வுப்படி செம்பும் அலுமினியமும் ஆக்சிஜனோட சேந்து எண்முகிகளா விளிம்போட விளிம்பு ஒட்டி ஒரு படலம் ஆகுது, ஆர்சனேட்டு நான்முகிகள் அந்தப் படலத்துல ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு படலத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல தண்ணியும் சல்பேட்டும்தான், பிடிப்பு வெறும் ஹைட்ரஜன் பிணைப்பு. அலகு அறையோட (படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற அடிப்படைக் கட்டத்தோட) அகலம் 10.8 ஆங்ஸ்ட்ராம், உயரம் 57.5, அஞ்சு மடங்குக்கு மேல! அத்தனை அடுக்கு. இதனாலதான் அவ்வளவு சுலபமாப் பிளக்குது, இதனாலதான் தண்ணி நழுவிப் போகுது. பழைய ஊதுகுழல் சோதனைல மூடுன குழாய்ல சூடு பண்ணா படபடன்னு வெடிச்சு நிறையத் தண்ணி விட்டு ஆலிவ் பச்சைச் செதிலா மிஞ்சும். ஆர்சனிக் இருக்கிறதால இதை யாரும் வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, தயவுசெஞ்சு.

இதழின்னு இகரம் போட்டு முடிக்கலாமான்னும் பாத்தேன், கணினி மாதிரி. இதழின்னா கொன்றைன்னு அகராதில இருக்கு, விட்டுட்டேன். அதனால வெறும் செப்பிதழ். கல்லும் வேண்டாம், ஐட்டும் வேண்டாம்.

ஆர்சனேட்டுக்கும் தனியாத் தமிழ்ப் பேர் வெக்கணும்னு ஒருத்தர் தனிமடல்ல கேட்டிருந்தாரு, பாஷாணேட்டுன்னு ஒரு யோசனையும் சொன்னாரு. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. சித்த மருத்துவத்துல பாஷாணம் 64 வகை, அதுல ஆர்சனிக் இல்லாததும் நிறைய இருக்கு, ஒரு தனிமத்தோட பேரா அதை ஒடுக்கினா ரெண்டு பக்கமும் குழப்பம்தான். இலங்கை நண்பர்கள் ஆசனிக்குன்னு எழுதுவாங்க, நாம ஆர்சனிக், ரெண்டையும் பதிவுல குடுத்துடலாம்.

———

> அதனால வெறும் செப்பிதழ்

ஒத்துக்கறேன் தம்பி. சொல்லும்போது வாய்ல நல்லா உக்காருது. ஒரே ஒரு கேள்வி. செம்புன்னாலே செம்மை, சிவப்பு. பச்சைக் கனிமத்துக்கு செப்பிதழ்னா செந்நிற இதழ்னு யாராவது எடுத்துக்க மாட்டாங்களா?

———

ஐயா, நியாயமான கேள்வி. செவ்விதழ்னா அந்த ஐயம் வரும், செப்புன்னு வந்துட்டா உலோகம்தான் மனசுக்கு வருது, நிறம் வர்றதில்ல. இருந்தாலும் விளக்கத்துல நிறத்தை முதல் வரிலயே போட்டுடறேன். பட்டியலுக்கு இப்படி எழுதி வெச்சிருக்கேன்:

செப்பிதழ்: மரகதப் பச்சை முதல் நீலப் பச்சை வரை நிறமுள்ள, நீரேறிய செம்பு அலுமினியம் ஆர்சனேட்டு சல்பேட்டுக் கனிமம். முக்கோணச் சமச்சீர், அறுகோண மென்தட்டுகள், இதழ்க்கொத்துகள். கடினத்தன்மை 2. பீங்கானில் உரசினால் வெளிர்பச்சைக் கோடு. அமிலத்திலும் அம்மோனியாவிலும் கரையும். ஆர்சனிக் உள்ள செம்புத் தாதுக்களின் ஆக்சிஜனேற்ற மண்டலத்தில் அரிதாகக் கிடைப்பது. உலர்காற்றில் நீரிழக்கும். ஒலிபெயர்ப்பு: கால்கோஃபில்லைட்டு.

சிலர் சால்கோன்னு எழுதறாங்க, கிரேக்க ஒலிக்குக் கால்கோதான் கிட்ட, அதனால அதையே வெச்சுட்டேன்.

அடுத்தது ஸ்பாங்கோலைட்டு. பாக்க இதே மாதிரி பச்சை அறுகோணத் தட்டு, ஆனா ஆர்சனேட்டு கிடையாது, குளோரின் இருக்கு. நார்மன் ஸ்பாங்னு ஒருத்தரோட பேர்ல வெச்சது. ஆள் பேரை மொழிபெயர்க்கக் கூடாதுன்னு செனெவிக்சைட்டுக்கே முடிவு பண்ணிட்டோம், இதையும் அப்படியே விட்டுடறேன். ஆள் பேர்லயே வந்த பர்னவைட்டுக்கும் அதே கதிதான். டைரோலைட்டு டைரோல்ங்கிற பகுதியோட பேர், அதுவும் ஏடேடா உரியும், அதை செப்பிதழ் பதிவுல ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி ஒரு வரி மட்டும் சேக்கறேன். அக்கா, உங்க காப் காரோன் மாதிரித் துண்டோட படம் ஒன்னு அனுப்ப முடியுமா, பதிவோட போட்டா இதழ்னு ஏன் வெச்சோம்னு யாரும் கேக்க மாட்டாங்க.