ஆஸ்பத்திரியில் மருந்து, வீட்டில் சத்துமாவா? 14ஆம் விலக்கு பற்றி ஒரு கேள்வி

கரூர்_தகப்பன்:
என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். சோறு, பருப்பு, பால் என எதில் புரதம் இருந்தாலும் அதில் லூசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதைச் சிதைக்கும் நொதி அவள் உடலில் வேலை செய்வதில்லை. தேங்கினால் மூளை வீங்கிவிடும். எனவே லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றையும் நீக்கிய பால்மாவுதான் அவளுக்கு முக்கிய உணவு. சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம்.

சென்ற மாதம் காய்ச்சல் வந்து ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். காப்பீட்டுக் கிளைம் முழுவதும் கிடைத்தது. பில்லில் அந்த மாவும் இருந்தது. வீடு திரும்பிய பிறகு அதே மாவுக்கு, அதே டாக்டரின் சீட்டோடு விண்ணப்பித்தேன். "14ஆம் விலக்கு, ஊட்டச்சத்துப் பொருள்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதே அந்த மாவால்தானே!

பிரீமியம்_கணக்கு:
ஐயா, நான் இந்தத் துறையில் இருப்பவன். எந்தச் செலவுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அந்த விலக்கு உங்கள் கம்பெனியின் சூழ்ச்சி அல்ல, 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த பொது வாசகம். உள்நோயாளி அல்லது பகல்நேரச் சிகிச்சைக் கிளைமின் பகுதியாக டாக்டர் எழுதினால் மட்டுமே சத்துப் பொருளுக்குப் பணம். காப்பீடு என்பது வருமோ வராதோ என்ற செலவுக்கு. மாதம் தவறாமல் வரும் செலவை அதில் ஏற்றினால் சீட்டு கட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இது அரசு தர வேண்டியது.

மேலமாசிவீதி:
என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதுவும் தவறாமல் வரும் செலவுதான். பணம் தருகிறீர்களே?

பிரீமியம்_கணக்கு:
அது பகல்நேரச் சிகிச்சை, ஆஸ்பத்திரியில் நடக்கிறது. வீட்டில் குடிக்கும் மாவு டின்னுக்குக் கதவைத் திறந்தால் நாளை ஜிம்முக்குப் போகிற பையன் புரோட்டீன் பவுடருக்குச் சீட்டோடு வந்து நிற்பான்.

உணவியலாளர்_மதுரை:
வரமாட்டான். அவன் கூடுதல் காசு கொடுத்து வாங்குவதே லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றுக்காகத்தான்; இந்த மாவில் அவைதான் இல்லை! நாற்றமும் தாங்காது. உணவால் கட்டுப்படும் நோய்கள் எவை என்பதிலும் மயக்கமில்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை பினைல்கீட்டோனூரியா, டைரோசினீமியா, இந்தக் குழந்தையின் நோய் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் நோய்களுக்காகச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதியாகும் சிறப்பு உணவுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரியும் இல்லை. சுங்கத் துறைக்குப் புரிந்தது காப்பீட்டுக்குப் புரியவில்லை.

நேர்ப்பட_பேசு:
சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்வது, பிறகு ஊரார் பிரீமியத்தில் கை வைப்பது.

கரூர்_தகப்பன்:
ஆமாம், என் மனைவி என் அத்தை மகள்தான். மறைக்க என்ன இருக்கிறது? அதற்காக நான்கு வயதுக் குழந்தையைப் பட்டினி போடச் சொல்கிறீர்களா?

உணவியலாளர்_மதுரை:
சொந்தத்தில் மணந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் உறவே இல்லாத இருவரிடமும் இந்த மரபணு மறைந்திருக்கலாம். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நேர்ப்பட பேசுகிறவர் தன்னுடையதைச் சோதித்துப் பார்த்துவிட்டாரா?

பாஸ்டன்_தமிழன்:
அமெரிக்காவிலும் இதே பெயர்ச் சண்டைதான். பினைல்கீட்டோனூரியாவுக்கான லோஃபனலாக் என்ற மாவு முதலில் மருந்தாகவே இருந்தது. 1972இல் அதைச் சிறப்பு உணவு என்று மாற்றினார்கள். எளிதாகக் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். "உணவுக்குப் பணம் இல்லை" என்று சொல்லக் காப்பீட்டுக்காரர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. பல மாநிலங்கள் கட்டாயச் சட்டம் போட்டிருக்கின்றன. ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் பணத்திலேயே நடத்தும் ஊழியர் காப்பீட்டை அந்தச் சட்டங்கள் தொடாது.

பிரீமியம்_கணக்கு:
கட்டாயம் போட்டாலும் ஓட்டை இருக்கும் என்றுதானே நானும் சொல்கிறேன்? அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு. அங்கே கேளுங்கள்.

கரூர்_தகப்பன்:
கேட்டேன். அது குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாகத்தான் வரும். எங்கள் கோப்பு இன்னும் நகரவில்லை. 2021 கொள்கையின் மூல வாசகத்தைப் படித்தீர்களா? உணவால் கட்டுப்படும் நோய்களுக்கு மாநில அரசுகள் உதவுவதைப் "பரிசீலிக்கலாம்". பரிசீலித்து முடிக்கும்வரை அவள் எதைக் குடிப்பாள்?

பிரீமியம்_கணக்கு:
சரி, கொள்கைச் சண்டையை விடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாவின் பெயரும் அளவும் இருக்கிறதா?

கரூர்_தகப்பன்:
"சிறப்பு உணவு தொடரவும்" என்று மட்டும் இருக்கிறது.

பிரீமியம்_கணக்கு:
அங்கேதான் கோட்டைவிட்டீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் வீடு திரும்பிய பின் 60 நாள் வரை அதே நோய்க்கான செலவு உண்டு. பெயர், அளவு, எத்தனை நாள் என்று டாக்டரிடம் திருத்தி வாங்கி, பழைய கிளைம் எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். தனி விண்ணப்பமாகப் போடாதீர்கள். மறுத்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்.

கரூர்_தகப்பன்:
நன்றி ஐயா, திங்களன்றே டாக்டரைப் பார்க்கிறேன். 61ஆம் நாள் இதே இழைக்குத் திரும்பி வருவேன். அப்போதும் நீங்கள் இருக்க வேண்டும்.