பூதத்தை இறக்கிவிட்டு நீ எங்கே போனாய்?

கொட்டியாரன் (உப்புவெளி):
ஓன்லைன் விளையாட்டுச் சண்டையில் சொல்கேளாத சம்மன்களிடம் (ஆட்டக்காரர் தமக்காகச் சண்டை பிடிக்க வரவழைக்கிற பூதம், பிணம் மாதிரியானவை) மாட்டியவர்கள் எழுதுங்கோ. என்னுடையதை முதலில் போடுகிறேன்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டில் 2022 செப்டம்பரில் ராத் கிளாசிக் என்ற பதிப்பு வந்த நேரம். நான் மேஜ் (மந்திரவாதி), உவர்மலை மச்சான் ஷாமன் (டோட்டம் என்ற மந்திரக் கம்பங்களை ஊன்றுகிறவன்). அராத்தி பேசின் என்ற சண்டைக் களத்தில் கொல்லன் பட்டறைக் கொடியைக் காத்துக்கொண்டு நிற்கிறோம். எதிரிகள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவன் பிரீஸ்ட், மற்றவர்களின் உயிரை ஏற்றிவிடுகிற ஹீலர். அவனுக்கு ஷீப், அதாவது ஆளை ஆடாக்குகிற மந்திரம், போட்டேன். ஆடாகிவிட்டால் 10 விநாடிக்கு ஹீல் இல்லை. ஆனால் ஒரு சின்ன அடி பட்டாலும் கலைந்துவிடும். மற்ற இருவரையும் முடிக்க அந்த நேரம் தாராளம்.

மச்சான் அந்த நேரம் பார்த்து நெருப்புப் பூதத்தை வரவழைக்கிற ஃபயர் எலிமென்டல் டோட்டத்தை ஊன்றினான். நெருப்புப் பூதம் எழும்பி நேரே ஆட்டுக்குப் பக்கத்தில் போய் நோவா அடித்தது. சுற்றி நிற்கிற எல்லா எதிரிக்கும் படுகிற அடி. ஆடு மறுபடி பிரீஸ்ட்!

"டேய், அதைக் கூப்பிடடா!" என்று ஹெட்செட்டில் கத்துகிறேன். "கூப்பிட பட்டனே இல்லை மச்சான்" என்கிறான். உண்மைதான். வேட்டைக்கார ஹண்டரின் மிருகத்துக்கும் சூனியக்கார வார்லொக்கின் பேய்க்கும் அடி, நில், பின்னால் வா என்று பட்டன் இருக்கிறது. இந்தப் பூதத்துக்கு ஒன்றுமில்லை. 2 நிமிடம் அது வைத்ததுதான் சட்டம்.

திரும்ப ஷீப் போட்டேன். அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாம் தரம் நேரம் பாதி, மூன்றாம் தரம் கால்வாசி, பிறகு பிடிக்கவே பிடிக்காது. அந்தப் பாதியையும் பூதம் கலைத்தது. கொடி போனது. பூதம் பலசாலி என்பதில் எனக்குக் கோபம் இல்லை. என் பக்கத்து ஆள் இறக்கியது என் வேலையையே கெடுக்கிறதே, அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

சாம்பல்தீவான்:
எதிர்ப்பக்கம் நின்று வாங்கியவன் நான். அதே விளையாட்டில் வோர்சோங் என்ற களத்தில் எதிரியின் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், டெத் நைட் (பிணங்களை எழுப்புகிற வீரன்) ஒருவன் ஆர்மி ஒஃப் த டெட் போட்டான். 8 பிணம் எழும்பி 40 விநாடி நிற்கும். திருகோணமலைக் கோட்டைக்குள் பணிஸ் பையோடு போனவனை மான்கள் சூழ்ந்த மாதிரி சூழ்ந்துகொண்டன. அவை அடித்து ஆள் சாவதில்லை. ஆனால் ஹீல் போடத் தொடங்கினால் குத்து விழுந்து காஸ்ட் (மந்திரம் போட்டு முடிக்கிற நேரம்) இழுபடும். டெத் நைட்டைக் குறிவைக்க டாப் (Tab) விசையைத் தட்டினால் பிணம்தான் குறியில் வரும். இன்னொரு தரம் தட்டினால் இன்னொரு பிணம். எனது பழைய லப்டொப் வேறு திக்கித் திக்கி ஓடியது.

அவற்றை வெட்ட நிற்கவே கூடாது. நேரம் முடிந்தால் தானாகப் போகிற சாமான். ஓடுங்கோ, அவ்வளவுதான்.

நெக்ரோத் தம்பி:
அண்ணாமார், சம்மன் போடுகிறவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கோ. கில்ட் வோர்ஸ் 2 என்ற இன்னொரு விளையாட்டில் நான் நெக்ரோமான்சர், மினியன் என்ற பிண அடியாட்களை எழுப்புகிறவன். மினியன்களுக்கு "இவனை அடி" என்று சொல்ல வழியே இல்லை. நான் யாரோடு சண்டை பிடிக்கிறேன் என்று அவையே பார்த்து வரவேண்டும். சிலவேளை வராது. நான் செத்துக்கொண்டிருக்க, என் பெரிய மினியன் ஃப்ளெஷ் கோலெம் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்க்கும். தப்பித் தவறி வென்றால், எதிரி "மூளை பாவிக்காத பில்ட்" (திறன்களைத் தேர்ந்து அமைக்கிற விதம்) என்று சாட்டில் எழுதுவான். மூளை பாவிக்காதது நானா, கோலெமா?

கொட்டியாரன்:
தம்பி, உன் கோலெம் சும்மாவாவது நிற்கிறது! ஒரு வழி இருக்கிறது: ஷாமன் வேறொரு நெருப்பு டோட்டத்தை ஊன்றினால் பூதம் மறைந்துவிடும். நான் "ஷீப்" என்றவுடன் ஊன்ற வேண்டும் என்று மச்சானோடு பேசி வைத்திருக்கிறேன். 10 நிமிடம் காத்திருந்து இறக்கிய பூதத்தை அழிக்க அவனுக்கு மனம் வந்தால்தானே. "பொறு மச்சான், இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்" என்கிறான்.